ரூகரா மார்லினா என்று கேட்ட தம்பிக்கு

கிரீன் கார்டு கைக்கு வந்த நம்ம ஊர்த் தம்பி ஒருவர் போன மாசம் என்னிடம் கேட்டார்: "அண்ணே, ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கலாம்னு இருக்கேன். எந்த பிராண்டு நல்லது? ரூகரா மார்லினா?" (செமி ஆட்டோமேட்டிக் என்றால் டிரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும்.) எக்செல் ஷீட் வேறு போட்டு வைத்திருந்தார். பதினாலு மாடல், ஒவ்வொன்றுக்கும் விலை, எடை, பேரல் (குழல்) நீளம், எத்தனை நட்சத்திரம் என்று கட்டம் கட்டமாக. கார் வாங்கும்போதுகூட மனுஷன் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

(எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்ப வேண்டாம். அந்த மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. அவர்களும் கடையில் 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் வாங்க முடியும்.)

நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்டேன். எதைச் சுடப் போகிறீர்கள்? வீட்டில் எங்கே பூட்டி வைக்கப் போகிறீர்கள்? முதல் கேள்விக்கு "ரேஞ்சில் காகித இலக்குதான்" என்றார். இரண்டாவதற்குப் பதில் இல்லை. வீட்டில் ஏழு வயதுப் பையன். முதலில் இரும்புப் பெட்டி வாங்குங்கள், துப்பாக்கி அதற்குப் பிறகு என்றேன்.

பட்டியலில் பாதிக்கு மேல் ஏ.ஆர்-15 வகை, அதாவது ராணுவ ரைஃபிள் சாயலில் இருப்பவை. அதில் பிராண்டு பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் வீண். யூஜின் ஸ்டோனர் வடிவமைத்ததை ஆர்மலைட் நிறுவனம் 1959-ல் கோல்ட் கம்பெனிக்கு விற்றது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். பாகங்கள் பெரும்பாலும் ஒரே அளவு, ஒன்றில் உள்ளதை இன்னொன்றில் மாட்டலாம். அலுமினிய உடலை அடித்துத் தரும் பட்டறைகள் கொஞ்சம்தான். பல கம்பெனிகள் அதை வாங்கிக் கடைந்து தங்கள் முத்திரையைக் குத்துகின்றன. பார்க்க வேண்டியது பேரலையும், சேம்பர் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) .223 வகைத் தோட்டாவுக்கானதா 5.56-க்கானதா என்பதையும்தான். 5.56 சேம்பரில் இரண்டு தோட்டாவையும் போடலாம், .223 சேம்பரில் 5.56 போடக் கூடாது. அதெல்லாம் இருக்கட்டும். காகிதத்தில் ஓட்டை போட இவ்வளவு எதற்கு? ஒரு .223 தோட்டாவின் விலையில் .22 என்கிற சின்னத் தோட்டா நாலைந்து வாங்கலாம். தோளில் இடிக்காது, சத்தமும் குறைவு. சுடக் கற்றுக்கொள்வது என்பது ஆயிரக்கணக்கில் சுடுவது. அதற்குக் காசு வேண்டாமா?

பதினாலு இப்போது மூன்று .22 ரைஃபிளாகிவிட்டது: ரூகர் 10/22, மார்லின் மாடல் 60, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 15-22.

மூன்றும் உள்ளே ஒரே தத்துவம். சுடும்போது சேம்பரைப் பூட்டிப் பிடிக்கிற அமைப்பு எதுவும் கிடையாது. போல்ட் என்கிற இரும்புத் துண்டின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும்தான் சேம்பரின் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. தோட்டா வெடிக்கும் விசையே போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்ததை ஏற்றுகிறது. அதனால் விசை குறைந்த தோட்டாவைப் போட்டால் பாதியில் சிக்கிக்கொள்ளும். "இந்த மாடல் அடிக்கடி ஜாம் ஆகிறது" என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்களில் எத்தனை பேர் மலிவான தோட்டாவை மாற்றிப் பார்த்தார்கள் என்று எனக்குச் சந்தேகம். புது ரைஃபிளுக்கு நாலைந்து வகைத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பார்த்து, அது எதை விரும்பிச் சாப்பிடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மாப்பிள்ளைக்குச் சமைக்கிற மாதிரிதான்.

மார்லின் 60 மீது எனக்குப் பாசம் உண்டு, மறைக்கவில்லை. 1960-ல் வந்தது, ஒரு கோடிக்கு மேல் விற்றது. பேரலுக்கு அடியில் குழாய் மேகசின், அதாவது தோட்டாக்களை வரிசையாக நிரப்பும் குழாய். என்னிடம் இருப்பது பதினேழு தோட்டா பிடிக்கிற பழசு. எண்பதுகளின் பிற்பகுதியில் அதைப் பதினாலாகக் குறைத்துவிட்டார்கள். இந்தப் பதினேழுக்கு ஒரு கதை உண்டு. நியூஜெர்சியின் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினைந்துக்கு மேல் பிடிக்கிற, கழற்ற முடியாத மேகசின் உள்ள செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் அப்போது 'அசால்ட்' (தாக்குதல் துப்பாக்கி) வகையில் சேர்ந்துவிட்டது. துப்பாக்கி சுடும் போட்டியில் மாடல் 60 ஒன்றைப் பரிசாக வாங்கிய ஒருவர் இதனால் தண்டிக்கப்பட்டார். 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை மாற்றவில்லை. அணில் சுடுகிற கட்டைத் துப்பாக்கி! எக்செல் ஷீட்டில் 'நம்ம மாநிலத்தில் சட்டப்படி செல்லுமா' என்று ஒரு கட்டம் இல்லவே இல்லை. நான் டெக்சாஸில் இருக்கிறேன், தப்பித்தேன்.

பிராண்டுப் பைத்தியத்துக்கு மருந்தும் இந்த மார்லின்தான். 1870-ல் கனெக்டிகட்டில் தொடங்கிய கம்பெனியை ரெமிங்டன் என்ற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனி வாங்கி, 2011-ல் அங்கிருந்த பட்டறையை மூடிவிட்டு வேலையை வேறு மாநிலங்களுக்குக் கொண்டுபோனது. பழகிய கைகள் போயின, தரமும் விழுந்தது. 'ரெம்லின்' என்று ஒரு கிண்டல் பெயரே வந்தது. இன்றும் மார்லினின் பழைய லீவர் ரைஃபிள் (கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) தேடுகிறவர்கள் பேரலில் பழைய பட்டறையின் 'ஜே.எம்.' முத்திரையைத் தடவிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். 2020-ல் ரெமிங்டன் திவாலாகி ஏலத்துக்கு வந்தபோது மார்லினை எடுத்தது யார்? ரூகர். ஏறக்குறைய மூன்று கோடி டாலர். ஆக, தம்பியின் "ரூகரா மார்லினா" கேள்விக்கு இன்றைக்கு இரண்டும் ஒரே வீடு. எந்த வருஷம் எந்தப் பட்டறையில் செய்தது என்று கேட்டால் பதில் சொல்லலாம்.

15-22 ஒரு நல்ல சரக்கு. 2009-ல் வந்தது, உடம்பெல்லாம் பாலிமர், பொத்தான்கள் எல்லாம் ஏ.ஆர்-15 மாதிரியே. பிற்பாடு அதற்குப் போகிற எண்ணம் இருந்தால் இதில் பழகுவது லாபம். தம்பிக்கு அந்த எண்ணம் இல்லை.

10/22-க்கு 1964-லிருந்து பெரிய மாற்றமில்லை. பேரல் இரண்டு திருகாணியில் நிற்கிறது, வீட்டிலேயே மாற்றலாம். தோளில் வைக்கும் கட்டை, டிரிகர், ஸ்கோப் என்று எது கேட்டாலும் எவனாவது செய்து விற்றுக்கொண்டிருப்பான். குறையும் உண்டு. சாதாரண மாடலில் பின்பக்கம் துவாரம் கிடையாது, பேரலை, குண்டு வெளியேறும் வாய்ப்பக்கமிருந்துதான் துடைக்க வேண்டும். கம்பி உரசி விளிம்பு கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் தம்பிக்கு 10/22-ஐத்தான் சொன்னேன், என் மார்லினை வைத்துக்கொண்டே. காரணம் துல்லியம் இல்லை, விலையும் இல்லை. மார்லினைக் காலி செய்ய உள்குழாயை உருவி, சாய்த்து, கொட்டி, போல்ட்டை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். காலி என்று நினைத்து இழுத்தபோது குழாயின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசித் தோட்டா என் காலடியில் விழுந்தது ஒருமுறை நடந்திருக்கிறது. 10/22-ல் பத்துத் தோட்டா பிடிக்கிற சுழல் மேகசின் கையோடு வந்துவிடும். அப்புறம் போல்ட்டை இழுத்துப் பிடித்து, சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, விரலையும் விட்டுப் பார்த்துவிடலாம். ஏழு வயதுப் பையன் இருக்கிற வீடு.

தம்பி ஷீட்டில் புதுசாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார். இந்த வாரம் இரும்புப் பெட்டிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பதினோரு பிராண்டு.