சளிக்கு 138 வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில், எங்கள் ஊர் அக்கா ஒருவர் சளிக்கென்று வைட்டமின் சி மாத்திரையை டப்பா 138 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்ற கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நான் பேசியதில் அரை நிமிடத்தை மட்டும் வெட்டியெடுத்து, மலேசியாவில் எங்கள் ஊரான பீடோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்ற விட்டிருக்கிறார்கள். "நம்ம பொம்பள ஒருத்தி முன்னேறினா இவங்களுக்குப் பொறுக்காது" என்று கீழே எழுத்து வேறு. சரி, முழுசாகவே பேசிவிடுகிறேன்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "இந்த வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் போட்டா சளியே பிடிக்காதுன்னு சொல்றீங்களே அக்கா, அது எப்படித் தெரியும்?" அதற்கு வந்த பதில், இரண்டு நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானியே சொல்லியிருக்கிறார் என்பது.

உண்மைதான். லைனஸ் பாலிங். 1954இல் வேதியியலுக்கு, 1962இல் அமைதிக்கு. 1970இல் வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்று புத்தகமே எழுதினார். மிகப் பெரிய மனிதர். ஆனால் அவர் சொன்னதை அதற்கப்புறம் பல நாடுகளில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். காக்ரேன் என்ற அமைப்பு அந்தச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து 2013இல் வெளியிட்டது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் இருந்தார்கள். தினமும் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் சளி பிடித்தது. சளியை அது தடுக்கவில்லை.

நன்மையே இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, வீடியோவை முழுசாகப் போட்டிருந்தால் கேட்டிருக்கும். தினமும் தவறாமல் சாப்பிட்ட பெரியவர்களுக்குச் சளி நாள்கள் 8 விழுக்காடு குறைந்தன, பிள்ளைகளுக்கு 14 விழுக்காடு. ஏழு நாள் சளி என்றால் பெரியவருக்கு அரை நாள், பிள்ளைக்கு ஒரு நாள். அதுவும் முன்கூட்டியே தினமும் சாப்பிட்டு வந்தால்தான். மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு வாங்கிப் போட்டதில் நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. நம் ஆட்கள் வாங்குவது எப்போது? மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகுதானே?

ஒருவர் எழுதியிருக்கிறார், "உடம்பை வருத்தி வேலை செய்யறவங்களுக்குப் பலன் உண்டாமே, செம்பனைக் குலை வெட்டறவன் என்ன சும்மாவா இருக்கான்?" என்று. நியாயமான கேள்வி, இதை நான் தள்ளிவிட மாட்டேன். மாரத்தான் ஓடியவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுத்த ராணுவ வீரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள் என்று சுமார் அறுநூறு பேரிடம் பார்த்தபோது சளி பாதியாகக் குறைந்திருக்கிறது. அவர்கள் கொஞ்ச காலம் உச்சத்தில் உடம்பை வதைத்தவர்கள். தோட்டத்து ஆள் வருஷம் முழுக்க உழைக்கிறவர். அவருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லி 138 வெள்ளி வாங்க முடியாது.

"எம்.ஏ.எல். நம்பர் இருக்கு பார்" என்கிறவர்களுக்கு: அது மலேசிய சுகாதார அமைச்சு மருந்துகளுக்குத் தரும் பதிவு எண். டப்பாவில் அந்த எண் இருப்பதால் சளி வராது என்று ஆகிவிடாது. "இயற்கைதானே, கெடுதல் இல்லையே" என்கிறவர்களுக்கு: ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் தாண்டினால் வயிற்றைக் கலக்கும், சிலருக்குச் சிறுநீரகக் கல் வரும் அபாயமும் கூடும். ஒரே நேரத்தில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் போட்டால் பாதிகூட உடம்பில் ஏறாது. இயற்கைதான் வேண்டுமென்றால் நம் ஊர்ச் சாலையோரக் கடைகளில் என்ன குவிந்து கிடக்கிறது? வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி வாங்கிப் போகிற "ஜம்பு பத்து", அதாவது கொய்யா. நூறு கிராம் கொய்யாவில் இருநூறு மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஒரு நாள் தேவை நூறு மில்லிகிராம்கூட இல்லை.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. பாலர்பள்ளி ஆசிரியை. ஆனால் நானும் இதே மாத்திரையை வாங்கியவள்தான். இதை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

மகனுக்கு அப்போது நாலு வயது. சளி, லேசான காய்ச்சல். ஆரஞ்சு நிற மாத்திரையைத் தண்ணீரில் போட்டு, அது நுரைத்துக் கரைந்து அடங்கும் வரை பார்த்து, வேளை தவறாமல் கொடுத்தேன். மூன்று நாள். மருந்து கொடுத்துவிட்டோம், கேட்டுவிடும் என்று நிம்மதியாக இருந்தேன். நாலாம் நாள் காலை அவன் கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிளினிக்கில் தாதி அவன் சட்டையைத் தூக்கி என் கையைப் பிடித்து விலாவில் வைத்தார். "பாருங்கம்மா, மூச்சு இழுக்கும்போது இங்க குழி விழுது. எத்தனை நாளா இப்படி?" நிமோனியா. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். எத்தனை நாளாக என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் நான் சட்டையைத் தூக்கியே பார்க்கவில்லை.

மாத்திரை அவனைக் கெடுக்கவில்லை. கேட்டுவிடும் என்று என்னைக் காத்திருக்க வைத்தது. அதனால்தான் மண்டபத்தில் எழுந்தேன். பொறாமையில் இல்லை அக்கா.

"வீட்டிலிருந்து சம்பாதிக்கிற பெண் வயிற்றில் அடிக்காதே" என்று எழுதியதுதான் என்னை மிகவும் சுட்டது. என் அம்மா இருபத்தாறு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் நெற்றி விளக்கோடு, இருமிக்கொண்டே நிரைக்குப் போவார். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. சளி பிடித்தால் படுத்துக்கொள்கிற வசதி எங்கள் லயத்தில் யாருக்கும் இருந்ததில்லை. இன்றைக்கும் காண்டிராக்டில் போகிறவர்களுக்கு இல்லை. அந்தப் பயத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை விற்றார்கள். "ஒரு நாள் லீவு போட்டா எவ்வளவு நஷ்டம், கணக்குப் போட்டுப் பாருங்க" என்று மைக்கில் கேட்டபோது முன்வரிசையில் எத்தனை பேர் தலையாட்டினார்கள் என்று நான் பார்த்தேன். சளி வைரஸால் வருகிறது, முக்கால்வாசி ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே போகும், கையைக் கழுவுங்கள், மூச்சு வாங்கினாலோ பிள்ளை குடிக்க மறுத்தாலோ அரசாங்கக் கிளினிக்குக் கொண்டுபோங்கள், அங்கே ஒரு வெள்ளிதான் என்று அதே மைக்கில் யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாமே? நான் சொல்லப் போனேன். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

அக்கா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். என் கல்யாணத்துக்கு மருதாணி வைத்துவிட்ட கை உங்கள் கை. உங்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி வரிசையில், சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுத்தாரே ஒரு தாத்தா, பேரனுக்கு என்று, அவர் வீட்டுக்கு நேற்று போயிருந்தேன். டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை. சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். அந்த 138 வெள்ளியை மட்டும் அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.