விட்டத்தைப் பார்த்த பெருசு

அந்த வியன்னா வீடியோவை இதுவரை ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தாயிற்று, போதும். பெல்வெடேரே மாளிகை பதினைந்தே நிமிடத்தில்! உள்ளே ஓடு, கிளிம்ட் வரைந்த 'முத்தம்' ஓவியத்தின் முன்னால் செல்ஃபி எடு, வெளியே வா. மற்றதெல்லாம் வெறும் சுவராம். விட்டத்தைப் பார்த்து நிற்கும் பெருசுகள் வேறு இடைஞ்சலாம்.

ஐயா, அந்தச் சுவரும் விட்டமும் சேர்ந்ததுதான் அருங்காட்சியகம். கிளிம்ட்டின் அந்தப் படத்தை அரசு வாங்கிய 1908இல் அந்த மாளிகைக்கு இருநூறு வயது நெருங்கிவிட்டது. சவாய் இளவரசர் யூஜின் என்ற படைத்தளபதிக்காக ஹில்டெபிராண்ட் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. ஆஸ்திரியா மறுபடி சுதந்திர நாடான 1955 ஒப்பந்தம் கையெழுத்தானது அங்கே மாடியிலுள்ள பளிங்கு மண்டபத்தில்தான். வீடியோ எடுத்த நம்மாள் கேமராவோ அவர் முகத்தைத் தாண்டி நகரவே இல்லை.

என் அப்பா கொத்தனார். அவரைக் கூட்டிப்போனபோது கீழ்த்தளக் கூடத்திலேயே நின்றுவிட்டார். நான்கு அட்லஸ் சிலைகள் கூரையைச் சுமக்கும் கூடம். அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது அழகுக்கு வச்சது இல்லடா. கூரை இறங்கப் பாத்திருக்கு, முட்டு குடுத்திருக்கான்." நான் சிரித்தேன். அப்புறம் படித்தால், அப்படியே! கூரை விழுந்துவிடும் என்ற நிலை வந்து, 1732-33 குளிர்காலத்தில் ஹில்டெபிராண்டே வளைவுக் கூரை போட்டு அந்த நால்வரை நிறுத்தியிருக்கிறார். அங்கிருந்த பலகையில் ஒரு வரிகூட அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது.

'டிக்கெட் என் காசு, எப்படிப் பார்த்தால் உனக்கென்ன' என்பீர்கள். சரி, ஓடுங்கள். நிற்கிறவரை ஏன் நக்கலடிக்கிறீர்கள்? கூட்டமாம். கூட்டத்தில் செல்ஃபிக்கு மட்டும் இடம் கிடைக்கிறதாக்கும்.

'ஒரு பிரபுவின் ஆடம்பரத்துக்கு இவ்வளவு உருக்கமா' என்று தோழர்கள் வருவார்கள். அதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரபு வீட்டுக் கூரையை ஒரு கொத்தனார் உள்ளே போய் நின்று குறை சொல்ல முடிகிறதே, தோழர், அது சின்ன விஷயமா?

'சும்மா ஜோக்குதானே, விடுப்பா' என்கிறார் நெருங்கிய நண்பர் ஒருவர். அவருக்கு என் அப்பாவைத் தெரியும். அதுதான் அதிகமாக வலித்தது.

அன்று எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. அப்பாவின் முதுகு, அவருக்கு எதிரே ஒரு சிலையின் முழங்கால். இங்கே போட மாட்டேன். கீழே யாராவது வந்து 'பெருசு' என்று எழுதுவீர்கள்.