கிளட்ச் மோட்டாரை மாற்றினால் மட்டும் போதாது

பவர் தையல் மெஷினில் பழைய கிளட்ச் மோட்டாருக்குப் பதில் சர்வோ மோட்டார் போட்டால் மின்செலவு குறையும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது சரி. ஏன் என்பதையும் அதில் விளக்கியிருக்கலாம். கிளட்ச் மோட்டாருக்கு சுவிட்ச் போட்டால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு சுமார் 2850 சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். அடிநூல் பாபின் மாற்றும்போதும் நிற்காது. சர்வோ, மிதியை அழுத்தினால்தான் சுற்றும். அதனால் காலர், பாக்கெட் போல விட்டுவிட்டுத் தைக்கும் வேலையில்தான் மிச்சம் அதிகம். ஒரே ஓட்டமாகப் போகும் நீளத் தையலில் அவ்வளவு கிடைக்காது. பெயர்த்தகட்டில் சர்வோவுக்கு 550 வாட், கிளட்சுக்கு 400 வாட் என்றிருந்தால் குழம்ப வேண்டாம். அந்த வாட் மோட்டாரின் திறன்தான், எந்நேரமும் இழுக்கும் மின்சாரத்தின் அளவு அல்ல.

மாற்றியதும், மோட்டாரையும் மெஷினையும் இணைக்கும் பெல்ட்டைப் பாருங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் 1 முதல் 1.5 செ.மீ. உள்வாங்க வேண்டும். இறுக்கம் கூடினால் பேரிங் சூடாகும், மின்சாரமும் வீண். தளர்ந்தால் பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகும் வாடை வரும், தடித்த மடிப்பில் ஊசி திணறும். சர்வோவின் வேகத்தை அமைக்கும் பேனலில் உச்ச வேகத்தை மெஷின் தாங்கும் அளவுக்குள் வையுங்கள். மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியை மாற்றாமல் பழையதையே மாட்டியிருந்தால் இது கட்டாயம்.

இன்னொன்று: பெல்ட்டைக் கழற்றிக் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுழலாவிட்டால் எண்ணெய் வற்றியிருக்கும், அல்லது துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியிலோ, அடிநூலைக் கோக்கும் ஹூக்கிலோ பஞ்சு அடைத்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் எந்த மோட்டார் போட்டாலும் மின்சாரம் விரயம்தான்.