ராணி வேஷமும் நடிகையின் வயதும்

சரித்திரப் படமொன்றில் இன்னார்தான் ராணி என்று செய்தி வந்தால் எங்கட ஆட்கள் முதலில் கேட்பது "ஆள் வடிவோ?" என்றுதான். அடுத்தது நகையும் சேலையும். அந்த ராணி எந்த வயதில் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. கனகாலமாக மனதில் கிடந்த கவலை இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தை எடுப்போம். 1558 இல் 25 வயதில் அரியணை ஏறி, 1603 இல் 69 வயதில் கண்மூடும்வரை ஆண்டவர். கிழக்கிந்தியக் கம்பனிக்கு 1600 டிசம்பர் 31 இல் பட்டயம் கொடுத்தவரும் அவர்தான். 1795 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையை விட்டுப் போனபின் இங்கே வந்தது அதே கம்பனியின் ஆட்சி. ஆகவே அவர் எங்களுக்கு முழுக்க அந்நியரும் இல்லை.

அவரைத் திரையில் நடித்தவர்களைப் பாருங்கள். 1912 இல் மௌனப்படத்தில் சாரா பேர்ண்ஹார்ட் அந்த வேஷம் போட்டபோது அறுபதைத் தாண்டியிருந்தார். 1939 இல் பெற்றி டேவிஸுக்கு வயது 31, வேஷமோ முதிய ராணியினுடையது. அவர் முன்தலையையும் புருவத்தையும் மழித்துவிட்டுக் கமராவுக்கு முன்னால் நின்றார். முகமே மூலதனம் என்றிருந்த ஹொலிவூட்டில் அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! 1955 இல் அதே ராணியாகத் திரும்பவும் வந்தார்.

எனக்கு எல்லோரிலும் மேலானவர் கிளெண்டா ஜாக்சன். 1971 இல் பிபிசி ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய தொடரில் இளவரசியிலிருந்து கிழவி வரைக்கும் அவர் ஒருவரே நடித்தார். தொடக்கத்தில், தமக்கை மேரியின் ஆட்சியில் எந்த நேரம் தலை போகுமோ என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேசுகிற பிள்ளை. போகப் போக அந்தக் குரல் தடிக்கிறது, கழுத்து விறைக்கிறது, சிரிப்பு குறைகிறது. ஆட்சி ஒரு மனுசியை என்ன செய்கிறது என்பதை உடம்பாலேயே காட்டிவிடுகிறார். அதே ஜாக்சன் 1992 இல் தேர்தலில் வென்று பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குப் போய் 2015 வரை அங்கே இருந்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

1998 இல் ஒரே ராணியை இரண்டு பேர் நடித்தார்கள். ஷேக்ஸ்பியரின் காதல் பற்றிய படத்தில் ஜூடி டென்ச் தோன்றுவது ஏறத்தாழ எட்டு நிமிடம்தான், அதற்கே ஒஸ்கார் கிடைத்தது. முடிவில் வண்டியை நோக்கி நடக்கிறார், வழியில் சேற்றுத் தண்ணீர். பிரபுக்கள் தயங்கித் தயங்கி மேலங்கியைக் கழற்றுவதற்குள் "பிந்திவிட்டீர்கள்" என்றபடி தண்ணீருக்குள்ளேயே காலை வைத்துப் போய்விடுகிறார். நாற்பது வருட அதிகாரம் அந்த ஒரு அடியில் தெரிகிறது.

மற்றவர் கேற் பிளான்செற். இயக்கியவர் இந்தியரான சேகர் கபூர். கடைசியில் தலைமயிரை வெட்டி, முகத்தில் வெள்ளைப் பூச்சைக் குழைத்துப் பூசி, மனுசியைச் சிலையாக மாற்றுகிற காட்சி அபாரம். ஆனால் அதே இருவரும் 2007 இல் எடுத்த இரண்டாம் படத்தில் எனக்கு மனக்குறை உண்டு. 1588 இல் ஸ்பானியக் கடற்படை வந்தபோது எலிசபெத்துக்கு வயது 54. படத்திலோ கவசம் பூண்டு, கூந்தலை விரித்துவிட்டு, குதிரையில் இளம்பெண்ணாக நிற்கிறார். அந்த வயதில் படைக்கு முன்னால் போய் நின்றதுதானே பெருமை? அதை ஏன் மறைக்க வேண்டும்?

எங்கட பக்கத்தில் இது இன்னும் மோசம். பொன்னியின் செல்வன் 2022 இல் வந்தபோது திரிஷாவின் குந்தவையையும் ஐஸ்வர்யா ராயின் நந்தினியையும் பற்றி எவ்வளவு கதைத்தோம்! இருவரும் நன்றாகவே செய்தார்கள். ஆனால் ஜெயசித்ரா நடித்த செம்பியன் மாதேவியைப் பற்றி எத்தனை பேர் ஒரு வரி எழுதினோம்? கணவர் கண்டராதித்தர் இறந்தபின் பல பத்தாண்டுகள் உயிரோடிருந்து, செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய பேரரசி அவர். தனியாக ஒரு படம் எடுக்கத்தக்க வாழ்க்கை. வேலு நாச்சியாரும் அப்படித்தான். 1780 இல் சிவகங்கையை மீட்டபோது அவருக்கு ஐம்பது வயது. நாளைக்கு யாராவது படமெடுத்தால் 25 வயது நடிகையைத்தான் வாளோடு நிறுத்துவார்களோ என்று பயமாக இருக்கிறது.

எங்கட நாட்டுக்கூத்தில் பொம்பிளை வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். விடிய விடிய இருந்து பார்த்த சனம் அவர்களிடம் எதிர்பார்த்தது பாட்டும் ஆட்டமும். குரல் எழும்பினால் அவர் ராசாத்திதான். அப்படிப் பார்த்துப் பழகிய ஊர், சினிமா என்றதும் ஏன் முகத்தை மட்டும் பார்க்கிறது?

யாழ்ப்பாணத்தில் இப்போது குறும்படமும் முழுநீளப் படமும் எடுக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் யாராவது மாருதப்புரவீகவல்லியை எடுக்கத்தான் போகிறீர்கள். ஐதீகமோ சரித்திரமோ, அவர் எங்கட மண்ணின் ராணி. அவருக்கிருந்த குதிரை முகம் கீரிமலையில் நீராடி மாறியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தம்பிமார், தங்கச்சிமார், அதை ஐந்து நிமிடத்தில் முடியுங்கோ. மாவிட்டபுரத்தில் அவர் கோயில் எழுப்பிய கதைக்கு மிச்சப் படத்தைக் குடுங்கோ. அந்தப் பகுதிக்கு எங்கட நாடக மேடைகளில் பழகிய, ஐம்பது வயது கடந்த ஒரு நடிகையைத் தேடிப் பிடியுங்கோ.