ஸ்டேடியம் போகாதவர் ரசிகர் இல்லையா?

சேலத்துக் கால்பந்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "சென்னை நேரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்க்காதவர் சென்னையின் எஃப்சி ரசிகரே கிடையாது. டிவி ரசிகர் எல்லாம் போலி."

தவறு. அந்த அணி ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற இரண்டு இறுதி ஆட்டங்களும் சென்னையில் நடக்கவில்லை. 2015-இல் கோவா, 2018-இல் பெங்களூரு. இரண்டிலும் 3-2. அன்றைக்குச் சென்னைக்காரர்களிலும் பெரும்பாலோர் டிவி முன்னால்தான் இருந்தார்கள். கோவாவில் 1-2 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்ததே, அப்போது ஐந்து ரோடு பக்கம் ஒரு வீட்டில் என் கையிலிருந்த தட்டுவடை செட் நமுத்துப்போனதே தெரியவில்லை. நான் போலியாம்!

அப்புறம் 2020-21. கொரோனாவால் அந்த சீசன் முழுக்கக் கோவாவில், ஆளில்லாத மைதானங்களில் நடந்தது. இந்தக் கணக்குப்படி அந்த வருஷம் ரசிகரே இல்லை.

டிக்கெட் வாங்கிப் போகிறவர்களின் பங்கு பெரியது, சரி. ஆனால் இங்கிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர். ராத்திரி ஆட்டம் முடிந்து பஸ் பிடித்தால், புதுப் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது விடிந்திருக்கும்.