வாடிய டேலியாவுக்கு மதியத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

போன வாரம் என்னோடு வேலை செய்யும் தங்கை ஒருத்தி செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பெரிய தொட்டியில் ஒரு டேலியா. இலைகள் எல்லாம் ஈரத்துணிபோலத் தொங்கிக் கிடந்தன. "காலையில் ஒரு செம்பு, மதியம் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு ஊற்றுகிறேன் அக்கா. இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?" என்று கேட்டாள். ஏப்ரல் மாதம் பூவோடு வாங்கிய செடி அது. தினமும் தண்ணீர் விட்டால் போதும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். மதுரை வெயிலில், ஏப்ரலில், முதன்முதலாகச் செடி வளர்க்கும் ஒருத்தியின் கையில் பூத்த டேலியாவைக் கொடுத்து அப்படிச் சொல்லி அனுப்பலாமா? அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் முதல் டேலியாவும் இப்படித்தான் போனது. சில வருடங்களுக்கு முன் மே மாதம் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் டேலியாக்களைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் மூன்று கிழங்குகள் வாங்கி வந்தேன். மறுநாளே மொட்டை மாடியில் நட்டேன். இரண்டு முளைத்தன. பதினோரு மணிக்குமேல் இலை துவளும், மனம் கேட்காது, ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவேன். மூன்றாவது வாரம் தண்டின் அடிப்பகுதி கறுத்தது. தொட்டுப் பார்த்தபோது செடி அப்படியே கையோடு வந்துவிட்டது. மண்ணைக் கிளறினால் கிழங்கு கூழாகி, அழுகிய உருளைக்கிழங்கின் வாடை அடித்தது. தண்ணீருக்குக் குறையில்லாமல் பார்த்துக்கொண்ட செடி அப்படிச் செத்ததைப் பல நாள் என்னால் மறக்க முடியவில்லை.

புதிதாக வளர்க்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: உச்சி வெயிலில் டேலியா துவளுவதெல்லாம் தாகம் அல்ல. அதன் இலை அகலமானது, மெல்லியது. தண்டோ உள்ளே வெறும் குழல். சூட்டில் இலை இழக்கும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. மண் நனைந்திருந்தாலும் துவளும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் தொட்டியை நிழலுக்கு நகர்த்திவிட்டுப் பேசாமல் இருங்கள். ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் இலைகள் தாமாகவே நிமிர்ந்திருக்கும். விரலில் ஈரம் படாமல், சாயங்காலமும் நிமிராமல் இருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

டேலியா மெக்சிகோவின் மலைநாட்டுச் செடி. 1963 முதல் அந்த நாட்டின் தேசிய மலர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மாட்ரிட் தாவரவியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்து, ஆண்டர்ஸ் டால் என்ற சுவீடன் தாவரவியலாளரின் நினைவாக 1791இல் இந்தப் பெயரைப் பெற்றது. அதன் சொந்த மலைகளில் பகல் வெயில் உண்டு, ஆனால் இரவு குளிர்ந்துவிடும். மழைக்காலத்தில் வளர்ந்து பூக்கும். மழை நின்று வறண்ட மாதங்கள் வந்ததும் மேலே எல்லாம் காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். அந்தக் கிழங்கு வறட்சியைத் தாண்டுவதற்காகவே உருவானது. உறக்கத்தில் இருக்கும் கிழங்கைச் சேற்றில் வைத்தால் அழுகாமல் என்ன செய்யும்?

"அது மலைப்பூ, நம் ஊரில் வராது" என்பவர்களின் பேச்சையும் நான் ஏற்பதில்லை. கொல்கத்தா மலையா? கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். கோடையில் நம்மைப் போலவே வெந்து புழுங்கும் ஊர். ஆனால் அங்கே குளிர்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு தொட்டியில் டேலியா நிற்கும். மலர்க் கண்காட்சிகளில் தட்டு அகலப் பூக்களை வரிசையாக வைப்பார்கள். அவர்கள் கோடையில் அந்தச் செடியோடு மல்லுக்கட்டுவதில்லை. அவர்கள் அளவுக்குக் குளிர் நமக்குக் கிடையாது, அதனால் நம் பூ சற்றுச் சிறிதாகத்தான் வரும். வரட்டுமே! உள்ளங்கை அளவு டேலியா ஒன்று மார்கழிக் காலையில் பனியோடு நிற்பதைப் பார்த்தவர்கள் அளவைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து, பனிக்காலம் முடிந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் நடுகிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கணக்கு குளிர்நாடுகளுக்குச் சரி. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், தை, மாசியும்தான் டேலியாக் காலம். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வட மாநிலங்களில் செப்டம்பர், அக்டோபரில் நட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நமக்கு ஐப்பசியில் அடைமழை. நட்ட கிழங்கு முளைப்பதற்குள் தொட்டி குளமாகிவிடும். நான் புரட்டாசிக் கடைசியில் நட்டு, மழைச்சாரல் படாத வராந்தாவில் வெளிச்சமான பக்கமாக வைக்கிறேன். நடும்போது மண்ணில் லேசான ஈரம் இருந்தால் போதும். முளை வெளியே தலைகாட்டும்வரை தண்ணீர் விடுவதில்லை. மழை ஓய்ந்த பிறகு கிழக்கு வெயில் படும் இடத்துக்குத் தொட்டி மாறும். மார்கழியில் மொட்டு கட்டும். மாசி பாதிவரை பூ இருக்கும்.

கிழங்கு வாங்கும்போது பருமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். உருளைக்கிழங்கில் முளைவிடும் கண் உடம்பெல்லாம் இருக்கும். டேலியாவில் கிழங்கும் பழைய தண்டும் சேரும் கழுத்தில்தான் இருக்கும். கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. நான் வாங்கிய மூன்றில் ஒன்று முளைக்காமல் போனதற்கு அதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. கிழங்கு கிடைக்காவிட்டால் விதை போடுங்கள். குட்டை ரக விதைச் செடிகள் தொட்டிக்கு அடக்கமாக இருக்கும். பெரிய பூ ரகங்களைவிட நம் சூட்டையும் கூடுதலாகத் தாங்குகின்றன.

மண் தொட்டிதான் என் கட்சி. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் வேரை வேகவைக்கும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம், கொஞ்சம் தென்னைநார்க் கழிவு, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. நான் போடுவது அவ்வளவுதான். ஊற்றிய தண்ணீர் உடனே அடித்துளை வழியாக ஓடவேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

மாடியில் வைப்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு வெறுங்காலோடு மாடித் தளத்தில் நில்லுங்கள். பகல் சூடு உள்ளங்காலில் ஏறும். இரவுக் குளிரை எதிர்பார்த்து நிற்கும் செடியை அந்தத் தளத்தின்மேல்தான் உட்கார வைத்திருக்கிறோம். தொட்டியைச் செங்கல்மேல் ஏற்றி, அடியில் காற்றோட விட்டதும் என் செடிகளிடம் தெரிந்த மாற்றத்தை எந்த உரமும் தந்ததில்லை.

நான்கு ஜோடி இலை வந்ததும் நடுநுனியைக் கிள்ளிவிடுங்கள். கை கூசத்தான் செய்யும், ஆனால் பக்கக் கிளை வர அதுதான் வழி. வெயில் ஏறும்போது இலையின் அடியில் சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திப் பேன் வரும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுங்கள். வாடிய பூவை உடனுக்குடன் கிள்ள வேண்டும், அதில் ஒரு கவனம் தேவை. இதழ் உதிர்ந்த பூவும் புது மொட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உருண்டையாக, தட்டையாக இருப்பது மொட்டு. கூம்பிப்போய், அழுத்தினால் ஈரம் கசிவது முடிந்த பூ. தெரியாமல் எத்தனையோ மொட்டுகளைக் கிள்ளி எறிந்திருக்கிறேன்.

தங்கையின் செடியை நேற்று அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். தொட்டியின் அடித்துளை அடைத்துக்கொண்டிருந்தது. குச்சியால் குத்தியதும் தண்ணீர் கொட்டியது. செடியைக் காப்பாற்ற வழியில்லை; மண்ணைக் கொட்டிப் பார்த்ததில் ஐந்து கிழங்குகளில் இரண்டு கெட்டியாக இருந்தன, கழுத்தும் ஒடியவில்லை. அழுகியதை வெட்டி எறிந்து, அந்த இரண்டையும் நிழலில் உலர்த்தினோம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் காய்ந்த மணலுக்குள் வைத்து, சமையலறையிலிருந்து தள்ளி, மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறாள். மாதம் ஒருமுறை எடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சுருங்கினால் மணலில் நாலு துளி தெளிக்க வேண்டும், கொழகொழப்பானால் உடனே எடுத்துவிட வேண்டும். பெட்டியின் மேல் "புரட்டாசி 20" என்று எழுதி வைத்திருக்கிறாள்.