முதல் பரிசு இருக்கட்டும், கழிப்பறை எங்கே?

பொங்கல் முடிந்து எருது விடும் விழாக்கள் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸ் பேனர்களில் மனித முகம் குறைந்து மாட்டு முகம் கூடிவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகிற வழியெல்லாம் கொம்புக்குப் பெயிண்ட் அடித்து, கழுத்தில் சலங்கை கட்டிய எருதுகள் நம்மை முறைத்துக்கொண்டு நிற்கும். எந்த ஊர், எந்தத் தேதி, முதல் பரிசு எவ்வளவு, கடைசிப் பரிசு எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். பெண்கள் எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பது மட்டும் எந்தப் பேனரிலும் இருந்ததில்லை.

நான் பிறந்தது காவேரிப்பட்டணம் பக்கம், வாழ்க்கைப்பட்டது தருமபுரி. அப்பா வீட்டில் எருது இருந்தது. வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை: மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டுபோல இங்கே திமிலைப் பிடித்துத் தொங்குவது கிடையாது. இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டிய தெருவில் ஒவ்வொரு மாடாக அவிழ்த்து விடுவார்கள். குறிப்பிட்ட தூரத்தை எந்த மாடு குறைந்த நேரத்தில் கடக்கிறதோ அதற்குப் பரிசு. மைக்கில் செகண்டைச் சொல்லும்போது, அந்தப் புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்ணுக்காக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஓசூர்ப் பக்கம் போனால் இன்னொரு விதம், கொம்பில் கட்டிய தட்டியைப் பையன்கள் ஓடிப் பறிப்பார்கள்.

எங்கள் எருதுக்குக் கொள்ளு வேகவைத்தது அம்மா. பருத்திக்கொட்டை ஆட்டியதும், விடியற்காலையில் எழுந்து சாணி வாரியதும் அம்மாதான். மாடு அப்பா அதட்டலுக்குக் காதைக்கூட அசைக்காது, அம்மா சத்தம் கேட்டால் கழுத்தை நீட்டும். ஆனால் அது தெருவில் ஓடி அம்மா ஒருநாள்கூடப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. பெரியப்பா வீட்டு மொட்டை மாடியில் நாற்பது பேருக்கு நடுவே எட்டிப் பார்ப்பார். மாடு கடப்பதற்குள் முன்னால் நிற்கிறவர் தலை மறைத்துவிடும். அப்புறம் பக்கத்தில் இருப்பவர்களிடம் "நம்புளுது எத்தினி செகண்டு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த மாடியாவது சொந்தக்காரர் மாடி. போன வருஷம் வேறொரு ஊருக்குப் போனோம். வீட்டுக்காரர், மகள், அத்தை, நான். அங்கே சொந்தம் யாரும் இல்லை. ஒரு டிராக்டர் டிரெய்லரில் ஏறி நின்றோம். காலையிலிருந்து மதியம்வரை வெயில். அத்தைக்குச் சர்க்கரை, அடிக்கடி போக வேண்டும். விழாக் குழுவிடம் கேட்டால், "அந்தப் பக்கம் முள்ளுக்காடு இருக்குதும்மா" என்றார்கள். அந்த முள்ளுக்காட்டில் ஆண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார், தண்ணீரும் கொடுத்தார். எங்களுக்கு முன்னால் அன்றைக்கு எத்தனை பேர் தட்டினார்களோ. திரும்பி வரும்போது ஒரு தம்பி, "பொம்பளைங்களுக்கு இங்க என்னா வேலை" என்று யாரிடமோ சொல்வதுபோல எங்களுக்குச் சொன்னான்.

சரி, எங்களுக்கு என்ன வேலை என்று பார்ப்போம். 2014 மே மாதம் ஜல்லிக்கட்டு மாதிரியான மாட்டு விழாக்களுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2017 ஜனவரியில் அந்தத் தடையை நீக்கச் சொல்லித் தமிழ்நாடே தெருவில் உட்கார்ந்ததே, அப்போது தருமபுரியில் நானும் உட்கார்ந்தேன், இதே மகளைக் கைக்குழந்தையாக மடியில் வைத்துக்கொண்டு. அன்றைக்கு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தண்ணீர் பாக்கெட் கொடுத்து, "அக்கா, முன்னாடி வந்து உக்காருங்க" என்றார்கள். 2023இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் இந்த விழாக்களை அனுமதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. உரிமை வந்ததும் நாங்கள் மொட்டை மாடிக்குப் போய்விட்டோம்.

இடம் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. தருமபுரி குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணியர் கோயிலில் தைப்பூசத்துக்குப் பெண்கள் மட்டும் வடம் பிடித்துத் தேர் இழுக்கிறார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அத்தைதான் என்னைக் கூட்டிப்போனார். தேர் அசைகிற அந்த முதல் இழுப்பில் உள்ளங்கை எரிந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த வருஷம் என் மகளும் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பாரதக் கூத்தையும் பாருங்கள். திரௌபதியம்மன் கோயில் முன்னால் பாயும் போர்வையும் பொரிகடலையுமாக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் முன்வரிசை யாருடையது? ஆயாக்களுடையது. அர்ச்சுனன் தபசு மரத்திலிருந்து எலுமிச்சம்பழம் எறியும்போது முந்தானை ஏந்தி நிற்பதும் பெண்கள்தான். மண்ணால் செய்து மல்லாத்திய அந்தப் பிரம்மாண்டமான துரியோதனனைச் சுற்றி, அவன் வீழ்கிற படுகளத்தன்று எத்தனை ஆயிரம் பேர் நெருக்கினாலும், திரௌபதி கூந்தல் முடிக்கிற நேரத்தில் பெண்களுக்கு வழி விடுவார்கள். அதுவும் இதே ஊர்தான், இதே ஆண்கள்தான். (திரௌபதி வேஷம் கட்டுகிறவர் பெரும்பாலும் ஆண் என்பதை வைத்து எங்கள் வீட்டில் ஒரு தனிச் சண்டை ஓடும், அது வேறு பதிவு.)

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி பற்றிச் சொல்லவே வேண்டாம். செந்தூரா, மல்கோவா, இமாம் பசந்த் என்று வரிசையாகப் பார்த்து, ராட்டினம் ஏறி, டெல்லி அப்பளத்தை நாலு பேர் பிய்த்துத் தின்று வருவது எங்களுக்கு வருஷாவருஷம் வழக்கம். அங்கேயும் எங்களுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை.

எருது விடும் விழாவுக்குப் பெண்கள் வந்தால் ஆபத்து என்பார்கள். மாடு முட்டி அடிபடுகிறவர்களில் எத்தனையோ பேர் வேடிக்கை பார்க்கத் தடுப்புக்கு உள்ளே இறங்கி நின்ற ஆண்கள். தடுப்புக்கு வெளியே ஒரு கேலரி, மேலே ஒரு பந்தல், தண்ணீர், நாலு தற்காலிகக் கழிப்பறை. நான் கேட்பது இவ்வளவுதான். கால்நடை மருத்துவர் சோதனை, தடுப்புக் கட்டை, ஆம்புலன்ஸ் என்று அனுமதிக்கு இத்தனை நிபந்தனைகளை நிறைவேற்றும் குழுவுக்கு இது பெரிய காரியமா? முதல் பரிசை ஏற்றிக்கொண்டே போகிற போட்டியில், பத்தாவது பரிசுக்கான பணம் போதும் இதற்கு.

அப்பா இதை ஊர்க்கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார். சிரித்தார்களாம். அதனால் இந்த முறை நன்கொடைச் சீட்டோடு வந்தவர்களிடம் நானே பேசிவிட்டேன்: வழக்கமாகப் பரிசுக்குக் கொடுக்கும் பணம் இந்த வருஷம் கழிப்பறைக்கு மட்டும்தான். ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பேனர்ல என்னான்னு போடறதுங்க்கா?" என்றார். 'பெண்கள் கழிப்பறை உபயம்' என்று எங்கள் பெயரைப் பெரிதாகவே போடச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரருக்குத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அம்மா, எங்கள் எருது போட்டோவையும் பக்கத்தில் போடுவார்களா என்று கேட்கிறார்.